இயேசுவைத் தேவனென்று வேதாகமம் காட்டுகிறதா: ரங்கூன் தமிழ் வேதபாடக் குழுக்களுக்கு ஒரு வாசிப்பு முறை

ரங்கூனில் வசிக்கும் தமிழ்க் கிறிஸ்தவரிடம் இந்தக் கேள்வி இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டு பாய், "உங்கள் இயேசு எந்த இடத்திலாவது 'நான் கடவுள், என்னை வணங்குங்கள்' என்று சொல்லியிருக்கிறாரா, தம்பி?" என்று கேட்பார். எதிர்வீட்டு அக்காவோ காளியம்மன் படத்துக்கு அருகிலேயே மாதா படத்தையும் மாட்டி வைத்திருப்பவர், "அவரும் சாமிதானே, அதில் என்ன சந்தேகம்?" என்பார். முதல் கேள்விக்கு விடை தேடி அலைகிறவர்கள் பலர். இரண்டாவது பேச்சுக்கு மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்; உண்மையில் கூடுதல் உழைப்பைக் கேட்பது அதுதான்.

வீட்டுக் கூட்டத்திலோ ஞாயிறு வேதபாடத்திலோ இந்தப் பொருளை எடுத்து நடத்தப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்விக்கு வேதாகமம் தரும் விடை "ஆம்" என்பதே என் முடிவு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை வேடம் போடப் போவதில்லை. ஆனால் வசனங்களைப் பட்டியல் போட்டு அடுக்கி அந்த விடைக்கு வருவது வழக்கமாக இருக்கிறதே, அந்த முறையை விட்டுவிடச் சொல்கிறேன். ஒரே தேவனுக்கு மட்டுமே உரியது என்று பழைய ஏற்பாடு எவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறதோ, அவற்றைப் புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் இயேசுவுக்குக் கொடுக்கிறார்களா, கொடுத்தும் தேவன் ஒருவரே என்பதில் உறுதியாக நிற்கிறார்களா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

மேசைமேல் இருக்க வேண்டியவை

நம் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமம் ஒன்று, 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ஒன்று, அமெரிக்க மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமம் ஒன்று ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பர்மியப் பிரதியை ஒப்புக்காகச் சொல்லவில்லை. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே தமிழ்ப் படிப்பு கோயில் வகுப்புகளுக்குள்ளும் தேவாலய வகுப்புகளுக்குள்ளும் சுருங்கிவிட்டது. ஆகவே குழுவில் இருக்கும் இளையவர்கள் பலருக்குப் பாட்டும் ஜெபமும் தமிழில் வரும், வாசிப்பு மட்டும் பர்மிய மொழியில்தான் வரும். (1824இல் ஜட்சன் அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவில் சிறைப்பட்டிருந்தபோது, அவருடைய புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதி ஒரு தலையணைக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. முழு மொழிபெயர்ப்பும் 1834இல்தான் முடிந்தது.) இவற்றோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். அதில் இடப்பக்கத்தில் பழைய ஏற்பாட்டுப் பகுதி, வலப்பக்கத்தில் அதை எடுத்தாளும் புதிய ஏற்பாட்டுப் பகுதி என்று எதிரெதிராக எழுதிவாருங்கள்.

முதலில் கழித்துவிட வேண்டியவை

கூட்டத்தைத் தொடங்குமுன், பலவீனமான சான்றுகளை நாமே எடுத்து அப்புறப்படுத்திவிட வேண்டும். கேட்பவர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருந்தால், அந்த ஒன்றோடு சேர்ந்து நல்ல சான்றுகளும் மதிப்பிழந்துபோகும்.

1 யோவான் 5:7 முதலாவது. பழைய தமிழ் வேதாகமத்தில் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று வரும் அந்த வாக்கியம் பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது இடம்பெறவில்லை. 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. திருவிவிலியத்தில் அந்த இடத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படும். 1 தீமோத்தேயு 3:16இல் "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்பதும் இதே வகையைச் சேர்ந்தது; முற்காலப் பிரதிகளில் அங்கே "தேவன்" என்ற சொல் இல்லை.

அடுத்து அற்புதங்கள். இயேசு மரித்தவர்களை எழுப்பினார், ஆகவே அவர் தேவன் என்று சொன்னால், எலியாவும் எலிசாவும் எழுப்பினார்களே என்று யாராவது 1 இராஜாக்கள் 17ஐயும் 2 இராஜாக்கள் 4ஐயும் திறந்து காட்டுவார்கள். "தேவகுமாரன்" என்ற பட்டமும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. யாத்திராகமம் 4:22இல் இஸ்ரவேல் ஜனம் தேவனுடைய குமாரன், சங்கீதம் 2இல் அரசன் குமாரன், லூக்கா 3:38இல் ஆதாமும் அப்படியே. "தேவன்" என்ற சொல்லேகூட யாத்திராகமம் 7:1இல் மோசேக்கும் சங்கீதம் 82:6இல் வேறு சிலருக்கும் வழங்கப்பட்டிருக்கிறது. சாஷ்டாங்கமாய் விழுவதும் அவ்வாறே: மத்தேயு 18:26இல் கடன்பட்ட ஊழியன் தன் ராஜாவின் முன் விழுகிறான், அவன் ராஜாவைத் தெய்வமாக்கவில்லை.

இத்தனையையும் நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்று குழுவில் ஒருவர் கவலையோடு கேட்பார். கேட்கட்டும்.

ஏசாயாவில் தொடங்குங்கள்

நம் ஊரில் ஒருவரைத் தெய்வம் என்று சொல்வது எவருக்கும் பெரிய காரியமல்ல. பர்மிய மொழியில் கடவுளைக் குறிக்கும் சொல் ஃபயா; பர்மியர் புத்தரையும் ஃபயா என்பார்கள், அவர் நினைவாக எழுப்பிய கோபுரத்தையும் ஃபயா என்பார்கள். எதிர்வீட்டு அக்காவின் பூஜை அலமாரியில் இன்னொருவருக்கு எப்போதும் இடமுண்டு. இந்தப் பின்னணியில் "இயேசு தெய்வமா?" என்று கேட்டு "ஆம்" என்று விடை வாங்கினால், வேதாகமம் சொல்வதில் பத்தில் ஒரு பங்குகூடக் கைக்கு வராது. ஆகவே சுவிசேஷங்களுக்குப் போகுமுன் ஏசாயா 40 முதல் 48 வரையுள்ள அதிகாரங்களை ஒரே அமர்வில், உரத்து வாசிக்க வேண்டும். கர்த்தர் ஒருவரே என்று அறிக்கையிடும் உபாகமம் 6:4ஐ அதற்கு முன்னுரையாக வைத்துக்கொள்ளலாம்.

அந்த அதிகாரங்களில் கர்த்தர் தமக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே எங்கே கோடு கிழிக்கிறார் என்பதைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். அவர் ஒருவராகவே வானங்களை விரித்தார், படைப்பில் அவருக்குத் துணை இல்லை (44:24). அவரே முந்தினவர், அவரே பிந்தினவர் (44:6). அவரையல்லாமல் ரட்சகர் இல்லை (43:11). "என் மகிமையை வேறொருவனுக்கும், என் துதியை விக்கிரகங்களுக்கும் கொடேன்" (42:8). முழங்கால் யாவும் அவருக்கு முன்பாகவே முடங்கும் (45:23). இந்தப் பக்கம் நிரம்பிய பிறகுதான் கேள்வி கூர்மையாகிறது: பல தெய்வங்களில் ஒருவராக அல்ல, இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவராக இயேசு காட்டப்படுகிறாரா?

மாற்கு, யோவானுக்கு முன்னே

பெரும்பாலோர் நேராக யோவானுக்குப் போவார்கள். மாற்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். நான்கு சுவிசேஷங்களில் முதலில் எழுதப்பட்டது மாற்கு என்று ஆய்வாளர்களில் பெரும்பான்மையினர் கருதுகிறார்கள். "இயேசுவைத் தேவனாக்கியது பிற்கால யோவான்தான்" என்ற வாதத்தை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க அது உதவும். மாற்கு எங்கும் "இயேசு தேவன்" என்று நேராக எழுதுவதில்லை. அவர் காட்சிகளைக் காட்டிவிட்டு, கேள்வியைப் பாத்திரங்களின் வாயில் வைக்கிறார்.

முதல் அதிகாரத்தின் தொடக்கமே பாருங்கள். கர்த்தருக்கு வழியை ஆயத்தம்பண்ணச் சொல்லும் ஏசாயா 40:3 மேற்கோளாக வருகிறது. உடனே யோவான்ஸ்நானன் வருகிறான். வழி ஆயத்தமானதும் அதில் நடந்து வருகிறவர் இயேசு. இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனுடைய பாவங்களை இயேசு மன்னிக்கும்போது, உட்கார்ந்திருக்கும் வேதபாரகர் தங்கள் மனதுக்குள், "தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்?" என்று எண்ணுகிறார்கள். அவர்களுடைய இறையியலை இயேசு திருத்தவில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும். "நான் அறிவிக்க மட்டுமே செய்தேன், மன்னித்தவர் தேவன்" என்று சொல்லி நழுவ இடமிருந்தும் அவர் நழுவாமல், மன்னிக்கத் தமக்கு அதிகாரமுண்டு என்பதைக் காட்டவே அவனை எழுந்து நடக்கச் செய்கிறார்.

நான்காம் அதிகாரத்துப் புயலைச் சங்கீதம் 107:23-30க்கு எதிரே எழுதுங்கள். கப்பலேறியவர்கள் தத்தளித்துக் கர்த்தரைக் கூப்பிடுகிறார்கள், அவர் கொந்தளிப்பை அமர்த்துகிறார் என்பது சங்கீதம். மாற்கில் சீஷர்கள் தத்தளித்து எழுப்புவது பின்னணியத்தில் தலையணை வைத்து நித்திரையாயிருந்த ஒரு மனிதரை. "இவர் யாரோ? காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே" என்ற அவர்களுடைய கேள்விக்கு மாற்கு விடை எழுதவில்லை, சங்கீதத்தை அறிந்தவர் விடையையும் அறிவார். 2008 மே மாதத்து நர்கிஸ் புயலில் டெல்டாவில் இருந்தவர் யாராவது குழுவில் இருந்தால், இந்தப் பகுதியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விளக்குவதற்கு அதிகம் மிஞ்சாது.

ஆறாம் அதிகாரத்தில் நிதானமாக நிற்க வேண்டிய ஓரிடம் உண்டு. இரவின் நாலாம் ஜாமத்தில் இயேசு கடலின்மேல் நடந்து வருகிறார். "அவர்களைக் கடந்துபோகிறவர்போல்" காணப்பட்டார் என்று 48ஆம் வசனம் சொல்கிறது. உதவ வந்தவர் ஏன் கடந்துபோக வேண்டும்? யோபு 9ஐத் திறந்து பாருங்கள். எட்டாம் வசனத்தில் தேவன் ஒருவரே சமுத்திர அலைகளின்மேல் நடக்கிறவர். பதினோராம் வசனத்தில் "அவர் கடந்துபோகிறார், நான் அவரை அறியேன்". மோசேக்கும் எலியாவுக்கும் தம்மை வெளிப்படுத்தியபோதும் கர்த்தர் கடந்துபோனார் (யாத்திராகமம் 34:6, 1 இராஜாக்கள் 19:11). மாற்கு இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த ஒரு சொற்றொடருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

பாய் கேட்ட கேள்விக்கு மாற்கில் நேராகக் கொடுக்கத்தக்க பகுதி 14:61-64. பிரதான ஆசாரியன் கேட்க, இயேசு சங்கீதம் 110:1ஐயும் தானியேல் 7:13ஐயும் இணைத்து, தாம் சர்வவல்லவரின் வலதுபாரிசத்தில் வீற்றிருப்பதையும் வானத்து மேகங்கள்மேல் வருவதையும் அவர்கள் காண்பார்கள் என்கிறார். ஆசாரியன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறான். மேசியா என்று சொல்லிக்கொண்டதற்கு மட்டும் இது அதிகம். தேவனுடைய சிங்காசனத்தில் பங்கு கேட்டதாகவே அந்த மன்றம் அதைப் புரிந்துகொண்டது.

பவுலின் இரண்டு பத்திகள்

சுவிசேஷங்களுக்கும் முந்தியவை பவுலின் நிருபங்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் ஏறத்தாழ கி.பி. 53-55இல் எழுதப்பட்டது, அதாவது சிலுவை மரணத்துக்குப் பின் கால் நூற்றாண்டுக்குள். அதன் 8:6ஐ உபாகமம் 6:4க்கு எதிரே வையுங்கள். இஸ்ரவேலர் நாள்தோறும் சொல்லும் அறிக்கையில் தேவன், கர்த்தர் என்ற இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன. பவுல் அந்த அறிக்கையின் சொற்களை எடுத்து, பிதாவாகிய ஒரே தேவன் என்றும் இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர் என்றும் பிரித்து வைக்கிறார். இயேசு மூலமாய்ச் சகலமும் உண்டாயிற்று என்கிறார். ஏசாயா 44:24 துணை எவரையும் ஒப்புக்கொள்ளாத அந்தப் படைப்பு வேலையில் அவரை வைக்கிறார். இதை எழுதும் சந்தர்ப்பம் எது? விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றி, தேவன் ஒருவரே என்று வாதாடிக்கொண்டிருக்கும் சந்தர்ப்பம். ஒருமையைத் தளர்த்தும் நோக்கம் அவருக்கு அங்கே இருந்திருக்கவே முடியாது.

மற்றொன்று பிலிப்பியர் 2:6-11. "முழங்கால் யாவும் முடங்கும்" என்ற ஏசாயா 45:23இன் சொற்கள் இயேசுவின் நாமத்துக்கு மாற்றப்படுகின்றன; மாற்றப்பட்டும், எல்லாம் "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக" என்று முடிகின்றன. மகிமையை வேறொருவனுக்குக் கொடேன் என்றவர், இவருக்குக் கொடுக்கப்படும்போது தாமே மகிமை அடைகிறார். எதிர்வீட்டு அக்காவுக்குச் சொல்லக்கூடிய விடை இங்கேதான் இருக்கிறது: இவர் அலமாரியில் சேர்க்கப்படும் இன்னொருவர் அல்ல.

வணக்கத்தை மறுத்தவர்களும் ஏற்றவரும்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம், ஏனெனில் பகுதிகள் தாமே பேசுகின்றன. கொர்நேலியு காலில் விழுந்தபோது பேதுரு, "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்கிறான் (அப்போஸ்தலர் 10:26). லீஸ்திராவில் ஜனங்கள் பலியிட வந்தபோது பவுலும் பர்னபாவும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு தடுக்கிறார்கள் (14:14). வெளிப்படுத்தின விசேஷத்தில் தூதன், "தேவனைத் தொழுதுகொள்" என்று இருமுறை மறுக்கிறான் (19:10, 22:9). அதே புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வானத்திலும் பூமியிலும் உள்ள சிருஷ்டிகள் யாவும் சிங்காசனத்தில் வீற்றிருப்பவரையும் ஆட்டுக்குட்டியானவரையும் ஒரே துதியில் சேர்த்துப் பாடுகின்றன. அங்கே மறுப்பவர் எவரும் இல்லை. "நான் முந்தினவரும் பிந்தினவரும்" என்று 1:17இல் இயேசு சொல்வதை, இடப்பக்கத்தில் ஏற்கெனவே எழுதிய ஏசாயா 44:6க்கு எதிரே எழுதிவிடுங்கள்.

யோவானை வாசிக்கும்போது

இப்போது யோவானுக்கு வரலாம். 1:1, 8:58, 20:28 ஆகிய மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆனால் 10:30, "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பதைத் தனியாக எடுத்து வீசாதீர்கள். 17:22இல் சீஷர்களும் அப்படியே ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு ஜெபிக்கிறார் என்ற மறுப்பு உடனே வரும், அது நியாயமான மறுப்பு. அதற்குப் பதிலாக ஐந்தாம் அதிகாரத்தைப் பதினேழாம் வசனத்திலிருந்து முழுவதும் வாசியுங்கள். குமாரன் தாமாய் எதையும் செய்யமாட்டார் என்ற பணிவும், எல்லாரும் பிதாவைக் கனம்பண்ணுகிறதுபோலக் குமாரனையும் கனம்பண்ண வேண்டும் என்ற உரிமையும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் யோவானைப் பாதிதான் வாசித்திருக்கிறார்கள்.

கடினமான வசனங்களை நீங்களே எடுங்கள்

இயேசு படைக்கப்பட்டவரே என்று போதிக்கும் யெகோவாவின் சாட்சிகள் வீட்டுக்கு வந்து காட்டும் வசனங்களை அவர்களிடமிருந்துதான் முதன்முதலாகக் கேட்டேன் என்று நம் பிள்ளைகள் சொல்லும் நிலை வரக்கூடாது. கொலோசெயர் 1:15, "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்கிறதே, அப்படியானால் அவர் முதலில் படைக்கப்பட்டவரா? அடுத்த வசனமே அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது என்று காரணம் காட்டுகிறது. கடைசிப் பிள்ளையான தாவீதைக் குறித்து சங்கீதம் 89:27, அவனை முதற்பேறானவனாக்குவேன் என்கிறது. பிறந்த வரிசையைவிட அந்தஸ்தையே அந்தப் பட்டம் குறிக்கிறது என்பது அதிலிருந்து விளங்கும்.

மாற்கு 10:18இல், தேவன் ஒருவர் தவிர நல்லவன் இல்லை என்று இயேசு சொல்வது மறுப்பாகத் தோன்றினாலும், கேள்வியாகவே இருக்கிறது. தம்மை நல்லவர் அல்ல என்று அவர் சொல்லவில்லை. யோவான் 14:28இல் பிதா தம்மிலும் பெரியவர் என்கிறவர் தாழ்மையின் நிலையில் இருந்து பிதாவிடம் போகப்போகிறவர். பிலிப்பியர் 2இல் வாசித்த இறக்கத்தை இங்கே நினைவூட்டினால் போதும்.

மாற்கு 13:32 இவ்வளவு எளிதல்ல. அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்ற வாக்கியத்துக்கு, அவர் மனுஷ சுபாவத்தில் அறியாதிருந்தார் என்று சபைப் பிதாக்கள் காலத்திலிருந்தே விளக்கம் சொல்லப்பட்டு வருகிறது. நானும் அதையே ஏற்கிறேன். ஆயினும் அந்த விளக்கம் மாற்கின் வசனத்துக்குள் இல்லை, வேதாகமம் முழுவதையும் சேர்த்துப் பார்த்து நாம் கொண்டுவருவது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனிக்கலாம்: மனுஷர், தூதர், குமாரன், பிதா என்று ஏறிச்செல்லும் அந்த வரிசையில் குமாரன் தூதர்களுக்கு மேலே நிற்கிறார். 1 கொரிந்தியர் 15:28இல் குமாரனும் கீழ்ப்பட்டிருப்பார் என்பதையும் மழுப்பாமல் வாசியுங்கள். பிதாவும் குமாரனும் ஒருவரே ஆள், இரண்டு பெயர்கள் மட்டுமே என்று போதிக்கிறவர்களுக்கு இந்த வசனம் ஒரு தடை. பிதாவிடமிருந்து வருகிற குமாரன் என்ற உறவை அது காப்பாற்றித் தருகிறது.

நிசேயாவைப் பற்றிக் கேட்டால்

325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைத் தேவனாக்கினார் என்ற பேச்சு, அந்தச் சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவு 2025இல் வந்தபோது அதிகமாகவே காதில் விழுந்தது. விடை சொல்வது கடினமல்ல. அங்கே எதிர்க்கப்பட்ட ஆரியூஸ், இயேசு வெறும் மனிதர் என்று போதித்தவர் அல்லர். உலகத்துக்கு முன்னே இருந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்று போதித்தவர். ஏசாயா கிழித்த கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதே அங்கும் வழக்கு. சங்கத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 112 அளவில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர், அவர்களை விசாரித்துத் தண்டித்தவர். ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்ததென்று கணிக்கப்படும் யோவான் சுவிசேஷப் பாப்பிரஸ் பிரதி ஒன்று இன்றும் இருக்கிறது. அந்த வார்த்தை தேவனாயிருந்தது என்ற வாக்கியம் அதன் முதல் வரிகளிலேயே வருகிறது. கேட்டவர் இன்னும் தயங்கினால், குறிப்பேட்டில் உபாகமம் 6:4க்கு எதிரே நீங்கள் எழுதி வைத்த 1 கொரிந்தியர் 8:6ஐ எடுத்துக் காட்டி, அது எழுதப்பட்ட ஆண்டை அவருக்குச் சொல்லுங்கள்.